ரத்தத்தில் காசநோய் தெரியுமா?

காசநோய்க்கான ரத்தப் பரிசோதனைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நெஞ்சக நோய் மருத்துவர்களும் ஆய்வகத் துறையினரும் சேர்ந்து அளித்த பதில்கள்.

என் கணவருக்கு மூன்று வாரமாக இருமல். சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல். நான்கு கிலோ எடை குறைந்துவிட்டது. தனியார் லேப் ஒன்றில் ரத்தம் கொடுத்தோம். ‘டி.பி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆறு மாத மருந்தை ஆரம்பித்துவிடலாமா? – வாசகி, திருப்பூர்

ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்பவை ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி வகைகள். அவற்றைப் பார்த்த அந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்தை ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் பரிசோதனையை நாளைக்குத் தள்ளவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு மூன்றும் சேர்ந்தால் காசநோயைச் சந்தேகித்தே ஆக வேண்டும். உங்களிடம் இருக்கும் தாள் அந்தச் சந்தேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒருவேளை ‘நெகட்டிவ்’ என்று வந்து, நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அவரை அழைத்துச் செல்லுங்கள். போன உடனே ஒரு சளி மாதிரி, மறுநாள் காலை எழுந்ததும் ஒன்று என இரண்டு கொடுக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கூடவே சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள், காசநோய்ச் சந்தேகம் உள்ள எல்லோருக்கும் பார்ப்பதுதான், தனியாக நினைத்து வருந்த ஒன்றுமில்லை. சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது ட்ரூநாட் கருவியில் போடச் சொல்லுங்கள். கருவிக்குள் போன இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். அரசு மையங்களில் கட்டணம் கிடையாது.

அதற்குள் இருமலுக்கென்று லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எதையும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். ஆள் தேறியது போலத் தெரிவார், சளியில் கிருமி சிக்காது, சில வாரம் கழித்து நோய் மறுபடி தலைதூக்கும். சில சமயம் அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகவும் வரும்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆறு மாத மருந்தைத் தொடங்குவது ஏன் தவறு? முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அவற்றில் மூன்று ஈரலைப் பாதிக்கக்கூடியவை, எத்தாம்பியூட்டால் பார்வையைப் பாதிக்கலாம். நோய் உள்ளவர் இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்வதில் நியாயம் உண்டு. நோயே இல்லாதவர் ஏன் ஏற்க வேண்டும்? இருமலுக்கும் எடைக் குறைவுக்கும் காரணம் நுரையீரல் புற்றாகவோ கட்டுக்கடங்காத சர்க்கரையாகவோ இருந்தால், அது கண்டுபிடிக்கப்படாமலே மாதங்கள் ஓடிவிடும். உண்மையிலேயே காசநோய்தான் என்றாலும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா செய்யாதா என்பதை அந்த ரத்த ரிப்போர்ட் சொல்லாது. சளிப் பரிசோதனை சொல்லும்.

டெங்கு, எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் ஆன்டிபாடி பார்த்துத்தானே சொல்கிறார்கள்? காசநோய்க்கு மட்டும் ஏன் அது செல்லாது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

அடிப்படையான கேள்வி, விரிவாகவே பார்த்துவிடலாம். ஆன்டிபாடி என்பது, ஒரு கிருமியை உடல் எப்போதோ சந்தித்தது என்பதற்கான பதிவு. எச்.ஐ.வி. ஒருமுறை உள்ளே புகுந்தால் வெளியேறுவதில்லை. அதனால் அங்கே ‘சந்தித்தது’ என்றாலே ‘இன்றும் இருக்கிறது’ என்று பொருள். டெங்குவில் காய்ச்சல் வந்த நாளும் ஐ.ஜி.எம். தலைகாட்டும் நாளும் ஓரளவு கணக்காக ஒத்துப்போகும். காசநோயில் இந்த இரண்டு வசதியுமே இல்லை.

தேசிய அளவில் 2019 முதல் 2021 வரை நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேரின் உடலில் இந்தக் கிருமியின் தொற்று இருப்பது தெரிந்தது. பத்துப் பேரில் மூன்று பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் நோய் வராது. கிருமி உள்ளே உறங்கிக் கிடக்கும். இது போக, நாம் பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகளான மைக்கோபாக்டீரியாக்கள் ஏராளம். இவை எல்லாவற்றுக்கும் எதிராக உடல் ஆன்டிபாடி செய்யலாம். லேபில் ஆன்டிபாடியைப் பிடிக்கும் எலைசா தட்டுக்கு, அந்த ஆன்டிபாடி எதற்காக உண்டானது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

மறுபக்கம், நோய் முற்றியவரிடமே ஆன்டிபாடி இல்லாமல் போகலாம். காசநோய்க் கிருமி மெழுகுப் போர்வை போர்த்தியது. கிருமிகளை விழுங்க வேண்டிய நம்முடைய மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே குடியிருப்பது. அதை எதிர்த்து முக்கியமாகப் போராடுபவை டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஆன்டிபாடிக்கு இந்தப் போரில் சிறிய பங்குதான். அதிலும் ஒருவர் உடல் கிருமியின் ஒரு புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும், இன்னொருவர் உடல் வேறொரு புரதத்துக்கு எதிராகச் செய்யும். கிட் தயாரிப்பவர் 38 கிலோடால்டன் புரதத்தையோ ஏ-60 என்ற கலவையையோ தட்டில் பூசி வைத்தால், அதற்கு ஆன்டிபாடி செய்தவர் மட்டுமே பிடிபடுவார். எச்.ஐ.வி. உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் என்று யாருக்குச் சளி எடுப்பது கடினமோ, யாருக்கு ரத்தப் பரிசோதனை உதவ வேண்டுமோ, அவர்களிடம்தான் இது அதிகம் தவறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருமலோடு வந்த 100 பேரில் 10 பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் அந்தப் பத்தில் 6 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 90 பேரில் ஐந்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது. அப்படியானால் பாசிட்டிவ் ரிப்போர்ட் 24 பேர் கையில். அவர்களில் நோயாளிகள் 6 பேர், வீணாக மருந்து விழுங்கப்போகிறவர்கள் 18 பேர். நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போகும் 76 பேரில் 4 பேர் காசநோயைக் குடும்பத்துக்குப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மாணவர்களுக்கே இந்தக் கணக்கைக் கொடுக்கலாம்.

உண்மை நிலவரம் இதைவிடத் தாறுமாறு. உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. நுரையீரல் காசநோயில், நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன் 0 முதல் 100 சதவீதம் வரையிலும், நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 31 முதல் 100 சதவீதம் வரையிலும் சிதறிக் கிடந்தது. இப்படி ஆடுகிற தராசில் யாரும் தங்கம் நிறுக்க மாட்டார்கள். 2011 ஜூலையில் ‘இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. காசநோய்ப் பரிசோதனை ஒன்றை அது அப்படி நேரடியாக மறுத்தது அதுவே முதல்முறை. காசநோயை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் முயற்சி 1898-இலேயே பிரான்சில் அர்லாயிங் என்ற ஆய்வாளர் செய்த ஒட்டுத்திரட்சிச் சோதனையோடு (ஆன்டிபாடி பட்டுக் கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்ப்பது) தொடங்கியது. நூறு ஆண்டுக்கு மேல் முயன்றும் கைகூடாத விஷயம் இது.

டைபாய்டைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டீர்கள், நல்லது. டைபாய்டுக்கு ஆன்டிபாடி பார்க்கும் வைடால் சோதனைக்கும் ஏறக்குறைய இதே வியாதிதான்.

இந்த கிட்டுகளுக்குத் தடை என்று கேள்விப்பட்டேன். பிறகு எப்படி ரிப்போர்ட் வருகிறது? – வாசகர், சேலம்

2012 ஜூனில் மத்திய அரசு, காசநோயைக் கண்டறியும் ஆன்டிபாடி கிட்டுகளின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, வினியோகம், பயன்பாடு எல்லாவற்றையும் அரசிதழ் அறிவிப்பு மூலம் தடை செய்தது. அதற்கு முன்பு இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் சோதனைகள் நடந்ததாக ஒரு மதிப்பீடு. கிட்டுகளில் பல ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. அங்குள்ள நோயாளிகளுக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அதே 2011-இல் வெளிவந்த கணக்கு ஒன்று, 15 லட்சம் பேருக்குச் சளி மைக்ராஸ்கோப் சோதனைக்குப் பதிலாக இதைச் செய்தால் கூடுதலாக 1,21,000 பேருக்கு இல்லாத காசநோய் இருப்பதாக முடிவு வரும், கூடுதலாக 32,000 பேருக்குத் தொற்று பரவும் என்று காட்டியது.

இவ்வளவு பரவியதற்குக் காரணம் புரியாததல்ல. ரத்தம் கொடுப்பது எளிது, டப்பாவில் துப்புவது கூச்சம். லேபுக்கும் ரத்த மாதிரியைக் கையாள்வது சுலபம், லாபமும் உண்டு. அந்தப் பழக்கம் ஒரே நாளில் போய்விடாது.

பணம் கட்டுவதற்கு முன் ‘இது என்ன முறை’ என்று கேளுங்கள். டி.பி. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஏ. என்று பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையில் ரிப்போர்ட் இருந்தால் அதன் நகலோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ மாவட்டக் காசநோய் மையத்துக்கோ எழுதலாம். தகவலுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

‘டி.பி. கோல்டு’ என்பதும் ரத்தப் பரிசோதனைதானே? அதுவும் தடையா? – லேப் டெக்னீஷியன், ஈரோடு

தடை இல்லை, அது ஆன்டிபாடி பார்ப்பதும் இல்லை. ‘டி.பி. கோல்டு’ என்று சொல்லப்படும் குவான்டிஃபெரான் போன்ற இக்ரா வகைச் சோதனைகள், உங்கள் டி செல்கள் காசநோய்க் கிருமியின் புரதத்தை அடையாளம் கண்டு காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பவை. இப்போதுள்ள குவான்டிஃபெரான் பிளஸ்ஸில் நான்கு குழாய்கள்: எதுவும் பூசாத நில், கிருமியின் புரதம் பூசிய டி.பி.1, டி.பி.2, டி செல்கள் வேலை செய்கின்றனவா என்று சரிபார்க்கும் மைட்டோஜென். ஒவ்வொன்றிலும் 1 மில்லி ரத்தம். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆன்டிஜென், அதாவது அந்தக் கிருமிப் புரதம், குழாயின் உள்சுவரில் பூசப்பட்டிருக்கிறது. ரத்தம் எடுத்த கையோடு, உள்சுவர் முழுவதும் நனையும்படி பத்து முறை தலைகீழாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் ஆன்டிஜென் கலக்காது. வெறிகொண்டு குலுக்கினால் ஜெல் கலைந்து கணக்கு கெடும். குழாயை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, டி செல்கள் உயிரோடு இருந்தால்தான் சோதனையே. எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போக வேண்டும். அங்கே 16 முதல் 24 மணி நேரம். நில்லைக் கழித்தபின் 0.35 சர்வதேச யூனிட்டும் அதற்கு மேலும் வந்தால் பாசிட்டிவ். கூடவே அந்த அளவு நில்லின் கால் பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மைட்டோஜென் குழாயே எழும்பவில்லை, டி.பி. குழாய்களும் எழும்பவில்லை என்றால் அது ‘நெகட்டிவ்’ ஆகாது. ‘இன்டிடர்மினேட்’ என்றுதான் எழுத வேண்டும். பெரும்பாலும் ரத்தத்தைக் கையாண்டதில் கோளாறு, அல்லது நோயாளியின் எதிர்ப்பு சக்தி மிகக் குறைவு.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் இது சொல்வது ‘தொற்று இருக்கிறது’ என்பதை மட்டுமே. மேலே சொன்ன 31 சதவீதத்தில் நோயாளியும் அடக்கம், நன்றாக இருப்பவரும் அடக்கம். காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், முடக்குவாதத்துக்கு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டி.என்.எஃப். தடுப்பு ஊசி போடப்போகிறவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் போன்றோருக்குத் தடுப்பு மருந்து தேவையா என்று முடிவெடுக்க இது உதவும். அதற்கு முன்பும் எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இருமலோடு வருபவருக்கு இக்ரா எழுதினால் பணம்தான் நஷ்டம்.

கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூவும் இதே பிரிவுதான். 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பைத் தடவி அளக்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது.

அம்மாவுக்குச் சளி டப்பா கொடுத்தார்கள். இரண்டு முறையும் ‘எச்சில்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படித்தான் கொடுப்பது? – வாசகி, நாகர்கோவில்

பலரும் கேட்க வெட்கப்படும் கேள்வி. நுரையீரல் காசநோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வெற்றி இந்த டப்பாவில்தான் இருக்கிறது.

முதல் நாள் இரவு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பு, வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். பற்பசையோ மவுத்வாஷோ வேண்டாம். உணவுத் துணுக்கு கலந்த சளியைக் கருவியில் போட மாட்டார்கள். பல்செட் இருந்தால் கழற்றி வைத்துவிடலாம். பிறகு மொட்டை மாடி, கொல்லைப்புறம் என்று காற்றோட்டமான இடத்துக்குப் போய், சற்று முன்னால் குனிந்து உட்கார வேண்டும். குளியலறை போன்ற மூடிய இடம் கூடாது. இருமும்போது கிருமி அங்கேயே மிதக்கும். மூச்சை ஆழமாக இழுத்துச் சில நொடி அடக்கி விட வேண்டும். இன்னொரு முறை. மூன்றாவது முறை மூச்சு இழுத்ததும் அடிவயிற்றிலிருந்து பலமாக இரும வேண்டும். தொண்டையைக் காறினால் வருவது எச்சில். நெஞ்சு குலுங்க இருமினால் வருவது சளி. டப்பாவை உதட்டுக்கு நெருக்கமாகப் பிடித்து அதில் விடலாம். வரவில்லையா, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி.

டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எச்சில் தண்ணீராக, நுரை நுரையாக, உடனே ஓடும். சளி கெட்டியாக, மஞ்சளாகவோ வெளிர்ப் பச்சையாகவோ, டப்பாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். குறைந்தது 2 மில்லி வேண்டும், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. 5 மில்லி வரை இருந்தால் நல்லது. ரத்தக் கோடு தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூடியை இறுகத் திருகி, பெயரை டப்பாவின் பக்கத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் கழற்றும்போது ஆள் மாறிவிடும். அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். என்ன செய்தும் வரவில்லை என்றால், உப்பு நீராவி கொடுத்துச் சளியை வரவழைக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

இத்தனை பாடு எதற்கு? மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட்டுக்குச் சுமார் 130 போதும், அதன் அல்ட்ரா வகைக்கு 16 அளவில் போதும். எச்சிலில் அந்த 16-உம் இருக்காது.

ரிப்போர்ட் வரும்போது இரண்டு வரி இருக்கும். ‘எம்.டி.பி. டிடெக்டெட்’ என்றால் காசநோய்க் கிருமி இருக்கிறது. அதன் கீழே ‘ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டெட்’ என்றால் ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்று அர்த்தம். இரண்டாவது வரியைப் படித்துவிட்டு ‘நோய் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடும் ஆபத்து உண்டு.

தங்கைக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இருமலே இல்லை. அவளுக்காவது ரத்தத்தில் பார்க்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயிலும் ஆன்டிபாடி சோதனை தோற்றதுதான். தடையில் அதுவும் அடக்கம். நோய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். நெறிக்கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சி எடுப்பார்கள், அல்லது சிறு துண்டு வெட்டி எடுப்பார்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்: மாதிரியில் பாதி ஃபார்மலினில், பாதி நார்மல் சலைன் என்ற உப்பு நீரில். ஃபார்மலினில் போட்டது நோய்க்குறியியல் மருத்துவர் பார்ப்பதற்கு. அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது. சலைனில் போட்டது ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் இரண்டாம் முறை கத்தி வைக்க நேரிடும். திரவக் கல்ச்சர் ‘வளரவில்லை’ என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும்.

நெஞ்சில் நீர் கோத்தவர்களுக்கு அந்த நீரில் ஏ.டி.ஏ. என்று பார்ப்பார்கள். அது ஒரு நொதி, ஆன்டிபாடி கிடையாது. லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் இருந்து, மற்ற அறிகுறிகளும் ஒத்துப்போனால் மருத்துவர் அதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வார். அதே ஏ.டி.ஏ.வை ரத்தத்தில் பார்த்து முடிவு சொன்னால் ஏற்க வேண்டாம்.

ஐந்து வயதுக் குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாதே? – வாசகி, விழுப்புரம்

குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலை வெறும் வயிற்றில், எழுந்து நடமாடும் முன்பு, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள். மலத்திலும் ஜீன் எக்ஸ்பர்ட் செய்ய முடியும்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு ஆறு மாத மருந்தை முழுதாக முடித்தேன். வேலைக்கான பரிசோதனையில் டி.பி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா? – வாசகர், ஓசூர்

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குணமான பிறகும் ஆன்டிபாடி ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். உங்களுக்கு இருமலோ காய்ச்சலோ எடைக் குறைவோ இல்லை என்றால், சிகிச்சை முடித்த சான்றிதழையும் புதிய எக்ஸ்ரேயையும் காட்டுங்கள். அறிகுறி இருந்தால் சளிப் பரிசோதனை. அப்போது ‘முன்பு மருந்து எடுத்தவன்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். ஜீன் எக்ஸ்பர்ட் கிருமியின் மரபணுவைத் தேடுவது; செத்த கிருமியின் மிச்சத்துக்கும் பாசிட்டிவ் காட்டலாம். உங்களைப் போன்றவர்களுக்குக் கல்ச்சரும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கோயில் யானைகளுக்கு மட்டும் ரத்தத்தில் காசநோய் ஆன்டிபாடி பார்க்கிறார்களே? – வாசகர், கும்பகோணம்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். யானைக்கு டப்பாவில் துப்பத் தெரியாது, எக்ஸ்ரேயும் அவ்வளவு பெரிய நெஞ்சுக்குள் ஊடுருவாது. துதிக்கைக்குள் சுமார் 60 மில்லி சலைனை ஊற்றி, துதிக்கையை உயர்த்தி நிறுத்திவிட்டுப் பின் இறக்கி, வரும் நீரைப் பையில் பிடித்துக் கல்ச்சர் செய்வார்கள். மூன்று வெவ்வேறு நாள்களில். யானை எப்போதும் கிருமியை வெளியேற்றுவதில்லை, துதிக்கையில் மண்ணும் நீரும் வேறு. அதனால் நோய் இருந்தும் தவறிப்போவது அதிகம். யானையின் உடலோ காசநோய்க்கு எதிராக மனிதரைவிடப் பலமாக ஆன்டிபாடி செய்கிறது. கல்ச்சரில் கிருமி வளர்வதற்குப் பல மாதம், சில சமயம் பல ஆண்டு முன்பே அது ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது. அதனால் அங்கே அது பயன்படுகிறது. அங்கும் பாசிட்டிவ் வந்ததும் மருந்து ஆரம்பிப்பதில்லை. அந்த யானையைத் தனியே வைத்துக் கண்காணிப்பார்கள், துதிக்கை நீரை மறுபடி எடுப்பார்கள். ஆசிய யானைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் காசநோய்க் கிருமியே. அதனால் பாகனுடைய சளியையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.